பொன்னுக்கல் போன வழி

குடை தொலைந்துபோனால் நாமெல்லாம் ஒரு நாள் திட்டித் தீர்ப்போம், மறுநாள் வேறு வாங்கிக்கொள்வோம். எங்கள் லேப் மேடம் வாங்கமாட்டார். தேடப் புறப்பட்டுவிடுவார். தேடுவது என்றால் மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பதில்லை. கடைசியாக லேபுக்குள் வந்தது யார், அவர் எந்த லாரியில் ஏறினார், அந்த லாரி எங்கே டீக்கு நிற்கும் என்று ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டே போவார். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில், பால் பாத்திரத்துக்கு மேலே விரித்துக் கட்டியிருந்த தன் குடையை அப்படித்தான் ஒருமுறை கண்டுபிடித்தார். கடைக்காரர் கன்னடத்தில் சமாதானம் சொல்ல, இவர் தூத்துக்குடித் தமிழில் பதில் சொல்ல, கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்து என் வண்டியில் ஏறினார்.

"பாலுக்கு மேல ஓடு ஒழுகுது அண்ணாச்சி. இருந்துட்டுப் போகுது."

"அப்ப எதுக்கு மேடம் இவ்ளோ தூரம் தேடிக்கினு வந்தீங்க?"

"எங்கன இருக்குன்னு தெரியணும்லா? காணாமப் போச்சுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இடம் மாறியிருக்கும். அவ்வளவுதான்."

இதுதான் அவர். பெயரைச் சொல்லப்போவதில்லை. தன் பெயர் எங்கெங்கே போகிறது என்று தேடிக்கொண்டு வந்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு இன்னும் உண்டு.

நான் ஊத்தங்கரைக்காரன். பத்தாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. மிச்சமெல்லாம் ஆட்கள் பேசக் கேட்டுக் கற்றதுதான். யார் என்ன நல்லதாகச் சொன்னாலும் எனக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஓசூர்ப் பக்கம் கம்பெனிகள் பெருகிய காலத்தில், சூளகிரி ரோட்டில் ஒரு நிலக்கரி யார்டில் சூப்பர்வைசராக இருந்தேன். சாயப் பட்டறை, அட்டை கம்பெனி, மாம்பழக் கூழ் கம்பெனி என்று பாய்லர் வைத்திருக்கும் பலருக்கு எங்கள் கரிதான். முதலாளிக்கு வீட்டில் தெலுங்கு, யார்டில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். எந்த மொழியில் கூப்பிடுகிறார் என்பதை வைத்தே நாங்கள் வேகமாகவோ மெதுவாகவோ போவோம்.

முதலில் எங்களிடம் வந்த கரி வந்தபடியே போய்க்கொண்டிருந்தது. பிறகு, வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனிகள் பேச்சை மாற்றின. சரக்கு வாங்குகிறவர்கள் எங்கள் புகைபோக்கியைச் சோதிக்கிறார்கள், புகையில் ஆர்சனிக் இருக்கிறது, பாதரசம் இருக்கிறது, சுத்தமான கரி கொடுத்தால்தான் வாங்குவோம் என்றன. முதலாளி ஒரு கழுவும் இயந்திரத்தை இறக்கினார். அதை நடத்துவதற்கென்று வந்தவர்தான் மேடம்.

ஓசூர்க் குளிர் அவருக்குப் பிடிபடவே இல்லை. வெயில் காலத்திலும் ஸ்வெட்டர். காதை மூடிய மப்ளர். லேப் கோட்டை அதற்கு மேல் போட்டுக்கொண்டால் ஒரு சின்ன மூட்டை நடந்து வருவதுபோல இருக்கும். எல்லா ஆண்களையும் "அண்ணாச்சி" என்பார். அந்தச் சொல் எங்கள் பக்கம் கிடையாது. நாள் போகப்போக யார்டு முழுக்க என்னை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தது. முதலாளிகூட ஒருநாள் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். லாரி டிரைவர்கள் மேடத்துக்கு வைத்த பெயர் "செக்போஸ்ட்டு". அவரைத் தாண்டி எதுவும் போக முடியாது, போனால் பின்னாலேயே வந்து கேட்பார் என்று அர்த்தம்.

கரியைக் கழுவுவது என்றதும் நான் குழாயைத் திறந்து அடிப்பது என்றே நினைத்தேன். அது வேறு. அரிசியில் கல் அரிக்கிறோமே, அதேதான். இயந்திரத்துக்குள் ஒரு பெரிய சல்லடை. அடியிலிருந்து தண்ணீர் மேலே எழும்பும், இறங்கும், எழும்பும். உடைத்த கரியை அதில் போட்டால் லேசானது மேலே வந்துவிடும். கனமான கல் அடியில் தங்கிவிடும். மேலே வந்தது ஒரு வாய் வழியாகவும், அடியில் தங்கியது இன்னொரு வாய் வழியாகவும் வெளியேறும். அதற்கு முன்னால் ஒரு பெல்ட் ஓடும். அதன் இரண்டு பக்கமும் பெண்கள் நின்று, கண்ணுக்குத் தெரிகிற பெரிய கற்களைக் கையால் பொறுக்கிப் போடுவார்கள். பேரிகை ரோட்டுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் முனியம்மா அக்கா. வாயைத் திறந்தால் பெல்ட் சத்தம் தோற்கும்.

மேடம் வந்த புதிதில் அந்தப் பெண்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு பக்கெட்டைச் சுற்றி நிற்கவைத்தார். தண்ணீரில் ஒரு உப்பைக் கரைத்து அதைக் கனமாக்கியிருந்தார். உடைத்த கரியை ஒரு கை அள்ளிப் போட்டார். பளபளக்கிற கறுப்பு மேலே மிதந்தது. மங்கலான கல் முங்கிப் போனது.

"இன்னா மேடம், கரி மெதக்குது!" என்றாள் முனியம்மா அக்கா. "எங்க ஊரு பஞ்சாயத்துலகூட நல்லது கெட்டது இவ்ளோ சீக்கிரம் தெரியாது."

மேடம் பக்கெட்டுக்குள் கையை விட்டு, முங்கிய கற்களில் ஒன்றை எடுத்துக் காட்டினார். கறுப்புக்குள் மஞ்சள் மஞ்சளாக மின்னியது. நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் விலை கேட்பார்கள். "இவன்தான் ஆளு," என்றார். "கரி கெட்டவன் இல்ல. கரி கூட ஏறி வாரானே, இவன்தான். ஆர்சனிக்குன்னா பாஷாணம், கேட்டியளா? அதும் பாதரசமும் பாதிக்கு மேல இவன் மடியிலதான் உக்காந்திருக்கும். நெருப்புக்குப் போகுததுக்கு முன்னாடியே இவனை இறக்கி விட்டுட்டா, புகையில வாரது குறையும்."

"முழுசா போயிருங்களா?" என்று நான் கேட்டேன்.

"போகாது. கரியோட உடம்புக்குள்ளயே ஊறிக் கெடக்கது தண்ணிக்கு இறங்காது. குறையும்னுதான் சொன்னேன். போயிரும்னு நான் சொல்லவே இல்ல."

இப்படித்தான் பேசுவார். யாருக்கும் முழுச் சந்தோஷம் கொடுக்க மாட்டார். பெண்கள் அந்த மின்னும் கல்லுக்குப் பொன்னுக்கல் என்று பெயர் வைத்தார்கள். பெல்ட்டில் அது வந்தால் "மேடம், உங்க மாப்ள வர்றாரு" என்று கூச்சல் போட்டுக்கொண்டு பொறுக்குவார்கள். மேடமும் சிரிப்பார்.

கரி சுத்தமானது. கம்பெனிகளுக்குத் திருப்தி. ஆயுத பூஜையன்று முதலாளி மேடத்துக்கு எல்லார் முன்னாலும் சால்வை போட்டார். சால்வையைத் தோளில் வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பி, யார்டின் மூலையைக் காட்டி, "அந்தக் குவியல் எங்க போகுது சார்?" என்று கேட்டார்.

அது இயந்திரம் கழித்துத் தள்ளிய கல். நாளுக்கு நாள் மலையாக ஏறும், வாரத்துக்கு ஒருமுறை லாரி வந்து அள்ளிப் போகும்.

"செங்கல் சூளைக்குப் போவுதும்மா," என்றார் முதலாளி. "கல்லுதான், ஆனா கரி கொஞ்சம் ஒட்டிக்கினு இருக்குதில்ல? நல்லா நின்னு எரியும்."

மறுநாளே என் வண்டியில் ஏறி அந்த லாரிக்குப் பின்னால் போனார். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு சூளை. அதன் புகை தாழ்வாக நகர்ந்து தக்காளித் தோட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. மேடம் வரப்பில் நின்று புகையின் முனையைத் தேடினார். அது எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அது ஒன்றைத்தான் அவர் தேடிக் கிடைக்காமல் திரும்பியதாக எனக்கு ஞாபகம்.

"புகைபோக்கி மாத்தி விட்டிருக்கோம் அண்ணாச்சி," என்றார் திரும்பும்போது. "அங்க உசரமா ஒண்ணு இருந்துச்சு. இங்க அதும் இல்ல. நான் எவ்வளவுக்கு நல்லாக் கழுவுதேனோ அவ்வளவுக்கு இந்தக் குவியல் கெட்டதாகுது."

குழி வெட்டி, அடியில் களிமண் பரப்பி, சுண்ணாம்பு போட்டு அந்தக் கல்லைப் புதைக்க வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டார். "நான் விக்கறன், அவன் வாங்கறான், நடுவுல நீ யாரும்மா?" என்றார் முதலாளி. அது கன்னடத்தில் சொன்னது. அந்தச் சண்டை அவர் யார்டில் இருந்த காலம் முழுக்க நடந்தது. அதில் அவர் ஜெயிக்கவில்லை. கடைசிவரை லாரி போய்க்கொண்டேதான் இருந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அந்தக் குவியலில் கொஞ்சம் போன வேறு ஒரு வழியைப் பற்றி.

முனியம்மா அக்காவின் மகள் மஞ்சுளாவுக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்புக்கு யார்டில் எல்லோரையும் அக்கா கூப்பிட்டாள். ஐப்பசி மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. மேடமும் நானும் போனோம். சின்ன வீடு. ஒரே ஒரு அறை, அதன் மூலையிலேயே அடுப்பு. அடுப்புக்கு மேலே மூங்கில் பரண். மழையில் வெளியே காயவைக்க முடியாத சிவப்பு மிளகாயும் அவரைக்கொட்டையும் பரண் மேல் சூட்டுக்குக் காய்ந்துகொண்டிருந்தன. அறைக்குள் ஒரு வாடை. தீக்குச்சியை உரசியதும் மூக்கில் ஏறுமே, அது.

களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தார்கள். மேடம் ஒரு வாய் எடுத்தார். கண் அடுப்புக்குப் போனது. தணல் நீலமாக எரிந்தது.

"என்னத்த எரிக்கீங்க அக்கா?"

"நம்ம யார்டு பொன்னுக்கல்லுதான்!" என்றாள் முனியம்மா அக்கா பெருமையாக. "சும்மா கெடக்குது, கூடையில கொஞ்சம் அள்ளிக்குவோம். எல்லாரு வூட்லயும் இதான். வெறகு மாதிரி பொசுக்குனு போவாது மேடம், வெடிய வெடிய நிக்கும். புள்ள பொறந்தா ஆயியும் புள்ளயும் இங்கதான் படுக்கும். கதவ சாத்திட்டு அடுப்ப உட்டுட்டா இந்தக் குளுரு உள்ளயே வராது."

மஞ்சுளா சுவரில் சாய்ந்து, கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். லேசாக இருமினாள்.

"அக்கா, அது பாஷாணம்னு அன்னைக்குச் சொன்னேன்லா?"

"அது கம்பேனி புகைக்குத்தான மேடம்? பாய்லரு எம்மாம் பெருசு! இது வூட்டு அடுப்பு."

மேடம் தட்டில் இருந்த களி முழுவதையும், குழம்பு முழுவதையும் சாப்பிட்டார். மறுசோறு கேட்டும் வாங்கினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டைத் தள்ளிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பதில் மஞ்சுளாவின் கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டு எழுந்தார். திரும்பி வரும் வழியில் மேட்டு ரோட்டில் ஏறும்போது, "சூளை வரைக்கும் ஓடுனேன் அண்ணாச்சி. பெல்ட்டுக்குப் பக்கத்துல இருந்த கூடையப் பாக்கல," என்றார்.

அடுத்த நாள் அவர் செய்ததுதான் தப்பு. காவலாளியைக் கூப்பிட்டு, ஷிப்ட் முடிந்து போகிற பெண்களின் கூடையில் கல் இருந்தால் எடுத்துவிடச் சொன்னார். காவலாளி கிடைத்த அதிகாரத்தை விடுவானா? எடுக்கச் சொன்னதைக் கொட்டிவிட்டான். கல்லோடு தூக்குப்போசியும், மாற்றுச் சேலையும், யாரோ வாங்கி வைத்திருந்த வெற்றிலையும் கரித்தூளில் விழுந்தன.

"திருடிங்களாடா நாங்க?" என்று ஆரம்பித்தது. லேபிலிருந்து மேடம் ஓடி வருவதற்குள் கேட் முழுக்கக் கூச்சல். முனியம்மா அக்கா மட்டும் கத்தவில்லை. குனிந்து போசியை எடுத்துச் சேலையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நேத்து எங்க வூட்ல சோறு தின்ன கையி மேடம் அது. இன்னிக்கு எங்க கூடைய கொட்டுது. நல்ல கரிய கழுவி கம்பேனிக்கு அனுப்பறீங்க. கல்லு எங்களுக்குன்னு கெடந்துச்சு. அத்தயும் புடுங்கிக்கினீங்க. நல்லா இருங்க."

மேடம் குனிந்தார். விழுந்து கிடந்த வெற்றிலையைப் பொறுக்கினார். யாருடையது என்று கேட்டார். ஒருத்தியும் அது தன்னுடையது என்று சொல்லவில்லை. கையில் வெற்றிலையோடு அவர் நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

சோதனை அன்றோடு நின்றது. அடுத்த நாள் காலையில் என்னிடம், "கல்லு எங்கன போகுதுன்னு பாத்தேன். எதுக்குப் போகுதுன்னு பாக்காம விட்டுட்டேன்," என்றார். பிறகு பெல்ட்டுக்குப் போய் ஒவ்வொருத்தி பக்கத்திலும் நின்று கேட்டார். முன்னால் எதை எரித்தீர்கள்? அது ஏன் நின்றது? பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் சொன்னாள்: "தைலமரத் தோப்புல சுள்ளி பொறுக்குவோம். இப்ப அங்க காம்பவுண்டு போட்டுட்டாங்க. உங்கள மாதிரி ஒரு கம்பேனிதான்."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மேடம் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்பிரிட் விளக்கைக் கொண்டுவந்து வைத்தார். கையில் ஒரு பக்கம் மூடிய நீளக் கண்ணாடிக் குழாய். அதன் அடியில் பொன்னுக்கல்லைப் பொடித்துப் போட்டார். யாரையும் கூப்பிடவில்லை. தனியாக உட்கார்ந்து குழாயின் அடியைச் சுட்டுக்கொண்டிருந்தார். என்னதான் கோபம் இருந்தாலும், ஒருத்தி எதையோ சுடும்போது பார்க்காமல் இருக்க முடியுமா? ஒவ்வொருத்தியாகச் சோற்றுப் போசியோடு நெருங்கி வந்தார்கள்.

அடியில் கல் கறுத்தது. லேசாகப் புகைந்தது. சற்று நேரத்தில், நெருப்பே படாத மேல்பக்கத்தில், குழாயின் குளிர்ந்த சுவரில் மஞ்சளாக ஒரு வளையம் படிந்தது. அதன் ஓரத்தில் குங்குமத்தைக் கரைத்துவிட்டதுபோல ஒரு செம்மஞ்சள் கோடு.

மேடம் அதை ஆறவைத்து முனியம்மா அக்காவின் கையில் கொடுத்தார். "மஞ்சள் கந்தகம். அந்தச் சிவப்புக்குள்ள இருக்கது பாஷாணம். இங்கன சுட்டேன். அங்கன போய் உக்காந்திருக்கு பாருங்க. எங்க குளிர்ச்சி இருக்கோ அங்க போய்ப் படியும். உங்க வீட்டுல அது எந்த இடம்?"

முனியம்மா அக்கா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த ஒருத்திதான், "பரணு. மொளகா," என்றாள் மெல்ல.

"அறைக்குள்ள படுத்திருக்கவ நெஞ்சும்தான்," என்றார் மேடம். "பிறந்த பிள்ளைக்கு நெஞ்சு இத்துணூண்டு."

முனியம்மா அக்கா குழாயைத் திருப்பிக் கொடுத்தாள். "சரி. அப்ப வெந்நீருக்கு இன்னாத்த எரிக்கறது? பச்ச ஒடம்புக்காரிய குளுருல போடறதா? மொதல்ல அத்த சொல்லுங்க. அப்பறம் பாஷாணத்த பத்தி சொல்லுங்க."

"வெறகு நான் பாக்குதேன். அடுப்பு மட்டும் வீட்டுக்குள்ள வேண்டாம். வெறகானாலும் வேண்டாம், கழுவுன கரியானாலும் வேண்டாம். வெளியில வச்சுக் காய்ச்சுங்க. வெந்நீரு உள்ள போகட்டும். செங்கல்லச் சுட்டுத் துணியில சுத்திக் காலுக்கு வைங்க."

"மழையில அடுப்பு வெக்கச் சொல்றாங்கடி செக்போஸ்ட்டு," என்று அக்கா மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். மேடத்தோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு இல்லை அது.

முதலாளிக்குப் பேரிகைப் பக்கம் மாந்தோப்பு உண்டு. அங்கே கவாத்து வெட்டிய கிளைகள் மட்கிக் கிடந்தன. மேடம் அவர் அறைக்குள் போனார். நான் வெளியில் நின்றேன். சண்டைச் சத்தம் வரும் என்று காத்திருந்தால் முதலாளியின் சிரிப்புச் சத்தம்தான் வந்தது. வெளியே வந்த மேடத்தின் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை.

"தினம் கூடையில எவ்வளவு கல்லு போகுதுன்னு கேட்டாரு. சொன்னேன். அதை நிறுத்துனா சூளைக்கு அவ்வளவு கூடுதலாப் போகும்லான்னு அவரே கணக்குப் போட்டுட்டாரு. வெறகு கொண்டாந்து இறக்குதாராம்."

"அப்படின்னா நாமளே சூளைக்கு அள்ளிக் குடுத்த மாதிரி ஆகுதே மேடம்?"

"ஆமா."

"வேணாம்னு சொல்லிடலாமா?"

மப்ளரை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். அவர் யோசிக்கும்போது செய்கிற வேலை அது. "கதவு சாத்துன அறையில எரியுதது முதல்ல நிக்கட்டும் அண்ணாச்சி. இது சரின்னு நான் சொல்லல. இது முதல்லன்னு சொல்லுதேன்."

விறகு வந்தது. பெண்கள் கட்டுக் கட்டாகப் பிரித்து எடுத்துப்போனார்கள். முனியம்மா அக்காவும் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டாள். ஆனால் அடுப்பை வெளியே வைப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேடம் பெல்ட் பக்கம் போனால் அக்கா கல்லைக் கொஞ்சம் சத்தமாகவே எறிவாள். யாரும் இப்போது "உங்க மாப்ள வர்றாரு" என்று கூவுவதில்லை. மேடம் நாள்தோறும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "கேட்டியளா, அடுப்பு எங்கன இருக்காம்?" நான் கேட்டால், "அடுப்பு அடுப்பு எடத்துல இருக்குது, அண்ணாச்சி," என்பாள் அக்கா. போய்ப் பார்க்கவும் மேடத்துக்குத் தைரியம் வரவில்லை. ஊர் ஊராகக் குடையைத் தேடிப் போனவர், பக்கத்து ஊரில் ஒரு வாசலைத் தாண்டப் பயந்தார்.

கார்த்திகை பிறந்து மழை வலுத்தது. மஞ்சுளாவுக்கு ஓசூர் அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது என்றார்கள். அக்கா சில நாள் வேலைக்கு வரவில்லை. தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று தெரிந்த அன்று மேடம் லேபைப் பூட்டிவிட்டு, "வண்டிய எடுங்க," என்றார். போகும் வழியில் கடையில் ஒரு சின்னப் போர்வை வாங்கிக்கொண்டார்.

தூறல். ரோட்டிலிருந்து சந்துக்குள் திரும்பும்போதே வீடு தெரிந்தது. கதவு திறந்திருந்தது. கூரையிலிருந்து புகை வரவில்லை. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். மேடம் என் தோளைத் தட்டிப் பக்கவாட்டைக் காட்டினார்.

வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி இரண்டு தகரங்களைச் சாய்த்து நிறுத்தியிருந்தது. அதற்கடியில் மூன்று கல் வைத்து அண்டா ஏற்றியிருந்தது. கோணிப்பையை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு முனியம்மா அக்கா குந்தி உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"வாங்க," என்றாள் ஊதுகுழலைக் கீழே வைக்காமலே. "வந்து கண்ணு குளுரப் பாருங்க. உங்களால நான் மழையில நனையறன். எங்க வூட்டுக்காரரு என்னைப் பாத்து பைத்தியம் புடிச்சிடுச்சாங்கறாரு. உங்க முதலாளி குடுத்த மாங்கா வெறகு இருக்குதே, அதுல தண்ணிதான் வருது, நெருப்பு வரல."

மேடம் போர்வையை என்னிடம் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தினார். ஊதுகுழலை வாங்கி ஊதினார். புகை அவர் முகத்திலேயே அடித்தது. இருமினார். மறுபடி ஊதினார். பிறகு ஒரு குச்சியை எடுத்து அடுப்புக்குள் கிளறினார்.

"இன்னாத்த தேடறீங்க?" என்றாள் அக்கா வேகமாக. வேகத்தைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

விறகுக்கு அடியில் நீலமாக ஒரு தணல். குச்சியால் உருட்டி வெளியே தள்ளினார். பொன்னுக்கல்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணுதான். ஈர வெறகு பத்தவே மாட்டேங்குது. வெளியதான எரியுது?"

நான் இருவரையும் மாறிமாறிப் பார்த்தேன். மேடம் கல்லைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. புகையும் சிரிப்பும் சேர்ந்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அக்கா முறைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளாலும் முடியவில்லை. கொங்காணியை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"ஸ்கூட்டர் டயர் கிழிசல் இருந்தா வைக்கட்டுமாக்கா?" என்றேன் நான், பேச்சுக்கு.

"அது இதுக்கு மேல கேடு," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னை அதட்டினார்கள்.

மேடம் கல்லை மழைத் தண்ணீரில் தள்ளி அணைத்தார். சத்தம் அடங்கியதும் எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அதை எங்கே கொண்டுபோவார் என்று நான் கேட்கவில்லை. முதலாளியின் மேசை மேல் வைப்பார், மறுபடி ஒரு சண்டை நடக்கும், மறுபடி தோற்பார். அது வேறு நாள் பாடு. நான் வாசல் தாழ்வாரத்தில் கிடந்த காய்ந்த சுள்ளி கொஞ்சம் எடுத்து வந்து செருகினேன். நெருப்பு பிடித்தது. வெந்நீர் கொதித்தது.

அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இரண்டு பேரும் உள்ளே கொண்டுபோனார்கள். நான் வாசலில் நின்றேன். அறையில் ஈர மண் வாசனையும் குழந்தைக்குப் போட்ட வசம்பு வாசனையும்தான் இருந்தன. பழைய அடுப்பு இருந்த மூலையில் சாணி மெழுகிப் பாய் போட்டிருந்தது. சூடான செங்கல்லைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டு மஞ்சுளா படுத்திருந்தாள். பக்கத்தில் போர்வைக்குள் ஒரு கைப்பிடி அளவு முகம்.

"அம்மா, குளுரு காத்து வருது," என்றாள் மஞ்சுளா. "கதவ சாத்தேன்."

முனியம்மா அக்கா கதவில் கை வைத்தாள். சாத்தவில்லை. திரும்பி மேடத்தைப் பார்த்தாள்.

மேடம் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார், வெறுமையான பரணைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சி ஒருமுறை மோந்து பார்த்தார்.

"சாத்துங்க அக்கா," என்றார்.